சிஸ்டம் போதும் என்று எப்போது சொல்லலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கான பக்கம் இது. சிஸ்டம் வாங்கி, செட் பண்ணி, கொஞ்ச நாள் ஆசையாகக் கேட்டுவிட்டு, அப்புறம் "அடுத்து எதை மாத்தலாம்?" என்று யோசிக்க ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்டவை இவை. ஆளுக்கு ஆள் கருவிகள் வேறு, கேள்விகள் மட்டும் அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்களில் பல இடங்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

என் சிஸ்டம் போதும்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு தாளை எடுத்து, என்ன குறை என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எந்தப் பாட்டு, அதில் எந்த இடம், அங்கே என்ன கேட்கிறது. "பல்லவி முடிந்து பேஸ் கிடார் கீழே இறங்கும்போது ஒரு சுரம் மட்டும் வீங்கி அறையே அதிர்கிறது" என்று எழுத முடிந்தால் அது குறை. "சத்தத்தைக் கூட்டினால் பாடுகிறவரின் ச, ஷ எல்லாம் காதைக் கீறுகிறது" என்பதும் குறை. இப்படி எழுத முடிந்த எதற்கும் காரணத்தைத் தேடலாம், சரி பண்ணலாம், சரியாகிவிட்டதா என்று அதே பாட்டின் அதே இடத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"ஏதோ ஒண்ணு குறையுது", "இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கலாம்" என்பதை வைத்துக்கொண்டு எதையும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு அது தீர்ந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது, அதனால் அடுத்ததும் தேவைப்படும், அதற்கடுத்ததும் தேவைப்படும். ஒரு மாதம் நன்றாக உட்கார்ந்து கேட்டும் அந்தத் தாளில் ஒரு வரி விழவில்லை என்றால் உங்கள் சிஸ்டம் போதும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது அடிப்படையில் இதுதான்.

மாத்தியே ஆகணும்னா முதல்ல எது? ஸ்பீக்கரா, ஆம்பா, டிஏசியா?

தவறு எங்கே அதிகமோ அங்கே. டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் டிஏசி இன்று எளிய மாதிரிகளிலேயே உருக்குலைவை (மூலத்தில் இல்லாத ஒலி சேர்வதை) 0.01 சதவீதத்துக்கும் கீழே வைத்துவிடுகிறது. ஒழுங்காகச் செய்த ஆம்ப்ளிஃபையரும் அதன் திறனுக்குள் ஓடும்போது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஸ்பீக்கர் அப்படி இல்லை. அது ஒரு கூம்பை முன்னும் பின்னும் தள்ளிக் காற்றை அசைக்கிற இயந்திரம், தாழ்ந்த சுரங்களைச் சத்தமாக வாசிக்கும்போது உருக்குலைவு சதவீதக் கணக்கில் வருவது சாதாரணம். அதன் மேல் அறை வேறு சேர்கிறது, அது ஒரு சுரத்தை 10 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) தூக்கி இன்னொன்றை அதே அளவு அமுக்கிவிடும்.

அதனால் அறை, ஸ்பீக்கர் வைத்திருக்கும் இடம், ஸ்பீக்கர், இதுதான் வரிசை. ஆம்ப் ரொம்பத் தள்ளி நிற்கிறது, டிஏசி அதற்கும் பின்னால். பலர் இதைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் சின்னப் பெட்டியை மாற்றுவது சுலபம், சோபாவை நகர்த்துவது கஷ்டம்.

அறைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? நல்ல ஸ்பீக்கர் எங்க வெச்சாலும் நல்லாத்தானே இருக்கும்?

இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 4 மீட்டர் நீள அறையில், எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே 43 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 43 அதிர்வு) பக்கத்தில் ஒரு நிலை அலை, அதாவது இடம் மாறாமல் நிற்கிற அலை, உருவாகும், 3 மீட்டர் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸில் இன்னொன்று. அந்த அலை சுவரோரம் உச்சத்திலும் அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட பூஜ்யத்திலும் இருக்கும். பேஸ் கிடார் படிப்படியாக இறங்குகிற ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். பின்சுவரில் சாய்ந்து நின்றால் ஒரு சுரம் மார்பில் இடிக்கும். சில அடி முன்னே வந்தால் அதே சுரம் மற்றவற்றோடு அளவாகச் சேரும். நடுவில் வந்து நின்றால் அதைக் காணோம், கிடார்காரர் அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டது போல ஒரு ஓட்டை. ஸ்பீக்கர் அதேதான், பாட்டும் அதேதான், உங்கள் தலை மட்டும்தான் நகர்ந்தது.

ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். அதற்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து அதன் முகப்பு 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியைக் கழித்துவிடும். ரொம்ப ஒட்டி வைத்தால் கீழ்ச்சுரங்கள் தூக்கலாகும். எனவே எதையும் வாங்கும் முன் ஒரு வாரம் ஒதுக்கி ஸ்பீக்கரையும் நாற்காலியையும் கையளவு கையளவாக நகர்த்திக் கேளுங்கள். நாற்காலியை அறை நீளத்தில் பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்துத் தொடங்கலாம்.

திரைச்சீலை, விரிப்பு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை மேல் சுரங்களைத்தான் உறிஞ்சும். 43 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 8 மீட்டர், மெல்லிய துணி அதை ஒன்றும் செய்யாது. சுவர் முழுக்கத் துணியைத் தொங்கவிட்ட அறைகள் மந்தமாகவும் கடமுடவென்றும் இருப்பதற்குக் காரணம் இதுதான்: மேலே எல்லாம் போய்விட்டது, கீழே இருந்த இரைச்சல் அப்படியே நிற்கிறது. கீழ்ச்சுரங்களை அடக்க வேண்டுமானால் மூலைகளில் தடிமனான உறிஞ்சிகள் வேண்டும், ஒரு சாணாவது கனமாக.

இடத்தை மாத்திப் பார்த்தாச்சு. இதுக்கு மேல அளந்து பார்க்கணுமா?

அளந்தால் நல்லது. அளவீட்டு மைக் ஒன்றும், ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற இலவச மென்பொருளும் போதும். காதால் மாதக்கணக்கில் தேடுகிற வீக்கத்தை வரைபடம் ஒரு மாலையில் காட்டிவிடும். அப்புறம் ஈக்வலைசரில் (சுரவாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த மேட்டை மட்டும் குறையுங்கள், அதுவும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். 6 டெசிபெல் தூக்கினால் ஆம்ப் அந்த இடத்தில் நாலு மடங்கு திறன் தர வேண்டும், சுவரோ அதையும் சேர்த்துக் கழித்துவிடும்.

அதிக வாட் உள்ள ஆம்ப் போட்டா பாட்டு இன்னும் நல்லா இருக்குமா?

திறனை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற 10 டெசிபெல் வேண்டும், அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். ஆக 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போவது ஒரு சின்ன நகர்வு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நிதானமாகக் கேட்கிற 75 டெசிபெல் அளவுக்குச் சராசரியாக ஒரு வாட்கூட ஆகாது. தாளத்தின் அடிகள் சராசரியைவிட 15, 20 டெசிபெல் மேலே எகிறும்போதுதான் வாட் கணக்கே வருகிறது.

ஆம்ப் பற்றாமல் போவதும் உண்டு. ஸ்பீக்கரின் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபெல் தருகிறது என்பது) குறைவாக இருந்து, அறை பெரிதாக இருந்து, நீங்களும் சத்தமாகக் கேட்பவராக இருந்தால் அடிகள் மழுங்கும். அப்போது தாளில் எழுத ஒரு வரி கிடைக்கும்: "இத்தனையாவது புள்ளிக்கு மேல் திருப்பினால் மிருதங்கத்தின் அடி தட்டையாகிறது." அந்த வரி இருந்தால் பெரிய ஆம்ப் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

ராத்திரி மெதுவா வெச்சா பாட்டுல உயிரே இல்ல. பெரிய ஸ்பீக்கர் வேணுமா?

வேண்டாம், இது காதின் இயல்பு. சத்தம் குறையும்போது தாழ்ந்த சுரங்களை நம் காது மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது இதற்காகத்தான். உங்கள் ஆம்பில் அது இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் இரவில் பேஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். டோன் கண்ட்ரோலைத் தொடுவது தப்பு என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை.

ஆம்புக்கு ஆம்ப் குரலே மாறுதுன்னு சொல்றாங்களே?

சில இடங்களில் உண்மை. டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வ் ஆம்ப்கள் பலவற்றில் வெளியீட்டு மின்தடை அதிகம், அதனால் ஸ்பீக்கரின் மின்தடை ஏறி இறங்குகிற இடமெல்லாம் ஒலியும் ஏறி இறங்கும். அது அளக்கக்கூடிய, கேட்கக்கூடிய மாற்றம். 1985-ல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஆம்ப் ஒன்றைத் தன் மலிவான ஆம்பால் நகலெடுத்துக் காட்டுவதாகச் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றோடொன்று கழித்து, மிச்சம் ரொம்பக் குறையும் வரை தன் ஆம்பைத் திருத்தினார். அதன் பிறகு பத்திரிகை ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்கு இந்தச் சம்பவம் முக்கியமாகப் படுகிறது. வித்தியாசம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது, காரணத்தைச் சரி செய்ததும் வித்தியாசம் போய்விட்டது. திறனுக்குள் ஓடும் இரண்டு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்களுக்கு நடுவே அந்த மாதிரிக் காரணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

கேபிள்?

தடிமன் போதுமா என்று மட்டும் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஸ்பீக்கர் வரை 5 மீட்டர் என்றால் போய்வர மொத்த மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பிளஸ் மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த விஷயத்தை மறந்துவிடலாம்.

ஹை-ரெஸ் ஃபைல் வாசிக்கிற மாதிரி எல்லாத்தையும் மாத்தினாத்தானே முழுசாக் கேட்கும்?

ஹை-ரெஸ் என்பது சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த ஒலி. 1982-ல் விற்பனைக்கு வந்த சிடி நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த புள்ளிகள்), 16 பிட் என்ற கணக்கில் ஓடுகிறது. அதில் 22 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பதியும், மென்மைக்கும் உச்சத்துக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். மனிதக் காதின் மேல் எல்லை இளமையிலேயே 20 ஆயிரம்தான். 2007-ல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில் ஹை-ரெஸ் ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள், காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். 2016-ல் ஜோஷுவா ரெய்ஸ் பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தபோது சிறிய அளவில் பிரித்தறிய முடிகிறது என்று கண்டார், மொத்தமாக 52 சதவீதம் சொச்சம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இருந்தாலும் மிக மெல்லிய வித்தியாசம்.

அதே பாட்டின் இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே இதைவிடப் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். மறுவெளியீட்டில் சத்தத்தைக் கூட்டுவதற்காக ஏற்ற இறக்கத்தை நசுக்கியிருப்பார்கள், பழைய வெளியீடு மூச்சு விடும். கருவிக்குச் செலவழிக்கும் நேரத்தை நல்ல வெளியீட்டைத் தேடச் செலவழியுங்கள்.

ஆனா நான் வித்தியாசத்தைக் காதாலக் கேட்டேனே. அப்போ நான் சொல்றது பொய்யா?

பொய் இல்லை, நீங்கள் உண்மையாகவே கேட்டீர்கள். காரணம் கருவியா என்பதுதான் கேள்வி. அரை டெசிபெல் சத்தம் கூடினால் அது "சத்தம் கூடியது" என்று தெரியாது, "தெளிவு கூடியது" என்றுதான் தெரியும். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளே தங்கும், கம்பியைக் கழற்றி மாட்டுவதற்குள் முதலில் கேட்டது போய்விடும். கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது: 1994-ல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டும் பார்க்காமலும் மதிப்பிட வைத்தபோது மதிப்பெண்கள் மாறின. அனுபவமுள்ளவர்களுக்கும் இதே கதைதான், அதனால் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வீட்டில் இப்படிச் செய்து பார்க்கலாம். ஒரு சோதனைத் தொனியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்து, இரண்டு கருவிக்கும் மின்னழுத்தம் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். ஒரு சதவீதம் என்பது 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கும். வேறொருவர் உங்கள் கண்ணில் படாமல், காசு சுண்டிப் பார்த்து மாற்றட்டும். பத்து முறை கேட்டு எழுதுங்கள். ஒன்பதோ பத்தோ சரி என்றால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான், தைரியமாக வாங்குங்கள். ஆறு, ஏழு என்றால் எதையும் காட்டவில்லை.

வாங்கின புதுசுல பிரமாதமா இருந்துச்சு, ரெண்டு மாசத்துல சாதாரணமாயிடுச்சு. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?

கெடவில்லை, காது பழகிவிட்டது. பழசை எடுத்து மாட்டி ஒரு நாள் கேளுங்கள், முன்னேற்றம் உண்மை என்றால் அது அப்போது பளிச்சென்று தெரியும். அதனால்தான் புதுசு வந்த அன்றே பழசை விற்காதீர்கள் என்கிறேன். திரும்பப் போடும்போது எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை என்றால், புதுசைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் சிஸ்டம் இப்போ ரொம்பத் துல்லியம். மோசமான ரெக்கார்டிங் எதையும் கேட்கவே முடியலை. இதுதானே நல்ல சிஸ்டத்துக்கு அடையாளம்?

இதை ரொம்பப் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கு மனசு சங்கடப்படுகிறது. நீங்கள் இந்த வழியில் வந்ததே அந்தப் பாட்டுகளுக்காகத்தான். நல்ல சிஸ்டத்தில் பழைய ஒலிப்பதிவு பழையதாகவே கேட்கும், இரைச்சல் தெரியும், அகலம் குறைவாக இருக்கும், ஆனாலும் குரல் வந்து உட்காரும், கடைசி வரை கேட்பீர்கள். பிடித்த பாட்டில் பாதியை ஓரங்கட்டவைக்கும் சிஸ்டத்தில் ஏதோ குறை இருக்கிறது.

பெரும்பாலும் 2 ஆயிரத்திலிருந்து 8 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள் எங்கேயோ தூக்கலாக இருக்கும். கடையில் பத்து நிமிடம் கேட்கும்போது அதுவே "நுணுக்கம்" என்று தோன்றும். ஸ்பீக்கரை உங்கள் காதுக்கு நேராகத் திருப்பியிருந்தால் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். எதிரே வெறும் சுவரும் கண்ணாடியுமாக இருந்தால் மேலே சொன்ன விரிப்பு இங்கே உதவும். ஈக்வலைசரில் மேல்பகுதியை ஓரிரண்டு டெசிபெல் சரிவாக இறக்குங்கள். இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றலாம், ஆனால் புதிதாக வாங்கப்போவதை உங்களிடம் உள்ள மிக மோசமான ஒலிப்பதிவை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

நிறுத்திட்டேன்னா அப்புறம் எதையுமே தொடக் கூடாதா?

பழுது பார்ப்பது வேறு. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்துபோகலாம், வளையத்தை மட்டும் மாற்றலாம். பழைய ஆம்பில் மின்தேக்கி வறண்டுபோகும், வால்யூம் திருகில் கரகரப்பு வரும். இசைத்தட்டு ஊசி தேய்ந்தால் தட்டையும் சேர்த்துக் கெடுக்கும், அதை மட்டும் தள்ளிப்போடவே வேண்டாம்.

கருவியை மாத்தி மாத்திப் பார்க்கிறதுதான் எனக்குப் பொழுதுபோக்கே. அதை ஏன் நிறுத்தணும்?

நிறுத்த வேண்டாம். கருவியில் ஈடுபாடு கௌரவமான ஈடுபாடுதான், கடன் வாங்காமலும் வீட்டில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமலும் நடந்தால் சரி. பாட்டுக் கேட்கும் சிஸ்டத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, சோதனைக்கு வேறொன்று வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. கேட்க உட்கார்ந்து பாட்டு முடியும் முன் நிறுத்தி எதையாவது திருகுவது தினமும் நடக்கிறது, அது உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால், அப்போதுதான் முதல் கேள்விக்குத் திரும்பி வாருங்கள்.

வயசாகுது, மேல் சுரமெல்லாம் காதுல விழறதில்லை. இனிமே நல்ல சிஸ்டம் வீண்தானே?

வீண் இல்லை. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். வயதில் முதலில் போவது அதற்கு வெகு மேலே உள்ள பளபளப்பு, குரலும் வயலினும் தாளமும் பெரும்பாலும் தப்பித்துவிடும். இருப்பதைக் காப்பாற்றுங்கள்: வேலையிடங்களுக்கான பரிந்துரை 85 டெசிபெல்லில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்.

ஒரு பக்கம் மங்கலாகக் கேட்கிறது என்று ஸ்பீக்கர் மாற்றப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு சோதனை. ஆம்பை அணைத்துவிட்டு அதன் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேளுங்கள். மங்கல் மறுபக்கம் போனால் குறை ஆம்பிலோ அதற்கு முன்னாலோ, ஒரு வேளை அந்த ஒலிப்பதிவிலேயோ இருக்கிறது. அதே பக்கம் நின்றால் நாற்காலியைத் திருப்பி ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். மங்கல் பழைய இடத்திலேயே இருந்தால் ஸ்பீக்கரையோ அறையையோ பாருங்கள். உங்களோடு சேர்ந்து அதுவும் திரும்பிவிட்டால் எதையும் வாங்காமல் முதலில் காது மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று வந்த மங்கல் என்றால் அன்றைக்கே போங்கள்.